பூஜை முடிந்த பிறகு இன்னொரு செக்

போட்ட கையெழுத்தை நானே அடித்தது என் சர்வீஸில் ஒரே ஒரு தடவைதான். தொண்ணூறுகளின் கடைசியில், புனேயில், ஒரு தசரா காலை.

ஒரு கம்பெனி முதலாளியின் ஹெலிகாப்டருக்கு நான் மெயின்டனன்ஸ் இன்ஜினியர். ப்ரீஃப்ளைட் செக் முடித்து, லாக் புக்கில் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் வாகன பூஜை முடிந்திருந்தது. ஹெலிகாப்டரின் மூக்கில் சாமந்தி மாலை, உடம்பெல்லாம் மஞ்சள் குங்குமம். முதலாளியும் மனைவியும் மும்பை போக ஏறி உட்கார்ந்துவிட்டார்கள்.

"இறங்கச் சொல்லுங்க சார். முதல்லேருந்து செக் பண்ணணும்" என்றேன் மேனேஜரிடம். அவர் கோயம்புத்தூர்க்காரர்.

"ஏனுங்க மேடம், இப்பத்தானே சைன் போட்டீங்க? நல்ல நேரம் போகுதுங்க. நீங்க சர்ச்சுக்குப் போறவங்க, உங்களுக்கு இதெல்லாம் புரியாதுங்க."

சுருக்கென்றது. மூன்று தலைமுறையாகப் புனேயின் கேம்ப் பகுதியில் இருக்கிறோம். தசராவுக்கு என் ஸ்கூட்டருக்கும் மாலை போடுகிறவள் நான்.

"நான் பாத்தது பூஜைக்கு முன்னாடி இருந்த ஹெலிகாப்டர். இப்ப இதுல பத்து பேர் கை பட்டிருக்கு" என்று சொல்லிவிட்டு, என் கையெழுத்தைக் குறுக்கே அடித்தேன்.

"உங்களுக்கு வேலை வேணுமா, வேண்டாமா?"

"வேணும் சார். அதைத்தான் பண்ணிட்டிருக்கேன்."

ஓட்டுவதற்குத் தயாராக உட்கார்ந்திருந்த கேப்டன் ஹெட்செட்டைக் கழற்றினார். முதலாளி முகத்தைச் சுளித்துக்கொண்டு இறங்கினார்.

ஸ்டாடிக் போர்ட் என்பது ஹெலிகாப்டரின் இரு பக்கமும் இருக்கும் சின்ன வட்டத் தகடு. நடுவே ஊசித் துளைகள். அதன் வழியே வரும் காற்றழுத்தத்தை வைத்துத்தான் ஆல்டிமீட்டர் உயரத்தைக் காட்டும். பொட்டு வைக்க அதைவிட வாகான இடம் கிடையாது. குழைத்த மஞ்சளை இரண்டு பக்கமும் பக்தியோடு அப்பியிருந்தார்கள். துளைகள் அடைத்துப் போயிருந்தன. அப்படியே கிளம்பியிருந்தால், மேகம் மூடிய மலைமேல் பறக்கும்போதும் ஆல்டிமீட்டர் புனே தரையின் உயரத்தையே காட்டிக்கொண்டிருக்கும்.

சுத்தம் செய்து, டெஸ்ட் பார்த்து, இரண்டு மணி நேரம் கழித்துத்தான் அனுப்பினேன்.

நன்றி வரவில்லை. மறுநாள் மேனேஜரிடமிருந்து மெமோ வந்தது. முதலாளியைக் காக்கவைத்ததற்கு எழுத்தில் விளக்கம் வேண்டுமாம்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். உங்கள் செக்குக்குப் பிறகு யார் கை பட்டாலும், சாமி பேரைச் சொல்லிப் பட்டாலும், உங்கள் கையெழுத்து செல்லாது. மறுபடி பாருங்கள். திட்டுகிறவர் திட்டட்டும், அவரா பறக்கப் போகிறார்?

மெமோவுக்கு இரண்டே வரியில் பதில் எழுதினேன்: "பூஜையை என் செக்குக்கு முன்னால் வையுங்கள். பின்னால் வைத்தால் அடுத்த தசராவுக்கும் தாமதமாகும்."