பக்கத்தில் பக்கத்தில்

கும்மிடிப்பூண்டிக்கு அருகில் எங்கள் பஸ் பழுதாகி நிற்கிறது. எதிரே பஞ்சாயத்து ரேடியோவில் உழவர் நிகழ்ச்சி ஓடுகிறது. ஊரே தரையில் உட்கார்ந்து கேட்கிறது. முன்வரிசையில் இரண்டு பேர் தோள் உரச உட்கார்ந்தும், முகத்தை மட்டும் ஆளுக்கொரு பக்கம் திருப்பிக்கொண்டிருக்கிறார்கள். அருகில் நிற்கும் அம்மாளிடம் விசாரிக்கிறேன்.

“மடைத் தண்ணிக்கு அடிச்சிக்கினவங்க சார். சண்டைக்காரங்க பக்கத்துல பக்கத்துலதான் குந்தணும், அதான் எங்க ரேடியோ கேக்கற சங்கத்து ரூலு. புது ரக நெல்லுக்கு எப்படித் தண்ணி கட்டறதுன்னு ரெண்டு பேரையும் சேந்து ரேடியோவுக்கு எழுதிப் போட வெச்சோம்” என்கிறார், தலையை நிமிர்த்தி.

அந்தக் கேள்வியை ரேடியோ இப்போது படிக்கிறது. இருவர் பெயரும் ஊர்ப் பெயரும் ஒன்றாக ஒலிக்க, கூட்டம் கைதட்டிக் கூச்சலிடுகிறது. எனக்கே மார்பு விம்முகிறது.

இருவரும் ஒன்றாகத் திரும்பி அதட்டுகிறார்கள்:

“இன்னா பதில் சொல்றாங்கன்னு எங்களக் கேக்க வுடுங்கப்பா!”