வெளிப்பட்டியில் எண்ணுகிறவள்

பர்க் ஊர் ராஸ் டகன் ஒரே நாளில் ஆயிரம் ஆடுகளுக்குக் கம்பளி கத்தரித்தவன். கடைசி ஆட்டை அவன் விடுவதற்குள் முதல் ஆட்டுக்கு மறுபடி கம்பளி முளைத்து, அது வரிசையில் வந்து நின்றுவிட்டது. அன்றைக்கு வெட்டிய கம்பளி அடைத்துக்கொண்டதில் டார்லிங் ஆறு இரண்டு மணி நேரம் ஓடவில்லை.

சரி, ஆற்றை விட்டுவிடுவோம். ஆயிரமும் கொஞ்சம் அதிகம்தான். இருநூற்றுப் பதினான்கு என்பான் ராஸ். இருநூற்றுப் பதின்மூன்று என்பாள் நெரிடா. அந்த ஒற்றை ஆட்டுக்காகப் போட்ட சண்டையில்தான் இருவருக்கும் கல்யாணமே ஆனது.

கம்பளி கத்தரிக்கும் கொட்டகையின் வழக்கம் அப்படி. கத்தரிக்கிறவன் தன் ஆடுகளைத் தானே எண்ணக் கூடாது. வேலை முடிந்த ஆட்டைச் சறுக்குப் பலகையில் தள்ளிவிடுவான். அது வழுக்கிக்கொண்டு போய், வெளியே அவனுக்கென்று இருக்கும் பட்டியில் நிற்கும். மணி அடித்ததும் வேறொருவர் வந்து பட்டியை எண்ணிக் குறிப்பேட்டில் எழுதுவார். அவர் எழுதியதுதான் எண். கத்தரித்தவன் மனசுக்குள் வைத்திருந்த எண் காற்றோடு போனதுதான். அந்த வருஷம் எண்ண வந்தவள் கங்காணியின் மகள் நெரிடா.

“இருநூத்துப் பதினாலு, பொண்ணே. நல்லாப் பாரு.”

“நல்லாப் பாத்துட்டேன். பதிமூணுதான். அந்தப் பதினாலாவது ஆடு உன் மண்டைக்குள்ள மேஞ்சுக்கிட்டு இருக்கு.”

அப்படிச் சேர்ந்தவள், முப்பத்தோராவது வருஷத்தில் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். மூன்று தெரு தள்ளித்தான். ஆனால் ராஸுக்கு அது கடல் தாண்டிப் போனது மாதிரி இருந்தது.

தொடங்கியது முதுகில். நாளெல்லாம் குனிந்தே நிற்கிற தொழில். ஐம்பது வயதில் முதுகு முரண்டு பிடித்தது. வலிக்கு மாத்திரை கொடுத்தார்கள். வலி குறைந்த பிறகும் மாத்திரை விடவில்லை. மாத்திரை போதாத மாலைகளுக்கு பீர் வந்தது. பிறகு மாலை என்பது காலை பத்து மணிக்கே வர ஆரம்பித்தது. இந்த இரண்டுக்கும் அடியில், பெயர் சொல்லத் தெரியாத ஒரு மந்தம் கிடந்தது. ஒரு காலில் பூட்ஸைப் போட்டுக்கொண்டு, மற்றதைக் கையில் பிடித்தபடி மத்தியானம்வரை உட்கார்ந்திருப்பான். சாக வேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை. எழுந்திருக்காமல் இருந்தால் தேவலை என்று தோன்றியது, அவ்வளவுதான்.

நெரிடா பெட்டியோடு போன அதே வாரத்தில் அவன் வைத்தியத்துக்குக் கிளம்பினான். நானூறு கிலோமீட்டர் பஸ்ஸில் போனான். குடியை நிறுத்தும் இடத்தில், “முதல்ல மனசைச் சரி பண்ணிட்டு வாங்க” என்றார்கள். அடுத்த மாதம் மறுபடி போனான். மனசைச் சரி பண்ணும் இடத்தில், “முதல்ல குடியை நிறுத்திட்டு வாங்க” என்றார்கள்.

“ரெண்டு பக்கமும் கதவைச் சாத்தின பட்டியில ஆடு என்னா செய்யும்?” என்று அவன் கொட்டகைத் தோழன் டோனியிடம் கேட்டான்.

“கத்தும்.”

“கத்திப் பாத்துட்டேன், மாப்ளே.”

அந்த டோனிதான் மாதர் சங்கக் கட்டடத்தின் பின்னறையைப் பற்றிச் சொன்னவன். பல்கலைக்கழகத்து ஆய்வுக்காரர்கள் அங்கே இடம் பிடித்திருந்தார்கள். குடி, மாத்திரை, மனசு என்று மூன்றையும் தனித்தனியாகப் பிரிக்காமல், ஒரே அறையில், ஒரே ஆள் கையால் வைத்தியம் பார்த்தால் குணம் கிடைக்குமா என்று பார்க்கிற ஆய்வு. மாத்திரைப் பழக்கத்துக்கு மாதம் ஓர் ஊசி, மந்தத்துக்கு ஒரு மருந்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒரு மணி நேரப் பேச்சு. எல்லாவற்றுக்கும் பொறுப்பு, தூரத்து ஊரிலிருந்து வண்டி ஓட்டி வரும் லிட்டியானா என்ற பீஜித் தீவுச் செவிலி. அவள் சிரித்தால் முன்கூடத்தில் பெண்கள் பரிமாறும் தேநீர்க் கோப்பைகள் ஆடும். (கோப்பைகள் உடைந்தன என்று சிலர் சொல்வது பொய். ஒன்றுதான் உடைந்தது.)

“முதல்ல எதை நிறுத்திட்டு வரணும், தாயி?” என்று வாசலிலேயே நின்று கேட்டான் ராஸ்.

“தொப்பியைக் கழட்டிட்டு வாங்க, போதும்.”

அந்த ஒரு பதிலை அவன் இன்றுவரை சொல்லிக் கண் கலங்குவான்.

லிட்டியானா அவனிடம் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் கொடுத்தாள். தினமும் எத்தனை புட்டி, எத்தனை மாத்திரை, மனசு பத்துக்கு எத்தனை என்று எழுத வேண்டும். “குடிச்சாக் குடிச்சதா எழுதுங்க. ஒரேயடியா நிறுத்திடாதீங்க, உடம்பை உலுக்கிடும். மெல்லக் குறைப்போம். நீங்க எழுதறதை வச்சுத்தான் மருந்தோட அளவு.”

ராஸ் வீட்டுக்குப் போய் ஒரு பெரிய புட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதினான்: புட்டி ஒன்றுமில்லை, மாத்திரை ஒன்றுமில்லை, மனசு எட்டு.

வஞ்சகம் கிடையாது அதில். குறிப்பேடு என்றால் அவனுக்குப் போட்டி. கொட்டகையில் அதிக எண்தான் ஜெயிக்கும், இங்கே குறைந்த எண் ஜெயிக்கும் என்று எடுத்துக்கொண்டான். அதோடு, அவ்வளவு தூரம் வண்டி ஓட்டி வருகிற பெண்ணுக்கு மோசமான எண்ணைக் காட்டி அவள் முகத்தை வாட வைப்பானேன்? ஆறு வாரம் புத்தகத்தில் ராஸ் மாதிரி யோக்கியன் இந்தக் கண்டத்திலேயே இல்லை.

ஏழாவது வாரம் லிட்டியானா அவன் கையில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றிக்கொண்டே பேசினாள். “புத்தகத்தைப் பாத்து டாக்டருக்கு சந்தோஷம். இன்னைக்கு ஊசியை ஒரு படி ஏத்தச் சொல்லியிருக்காங்க.”

“ஏத்தினா நல்லதுதானே?”

“குடிக்காதவருக்கு நல்லது. குடிக்கிறவருக்கு இந்த அளவைப் போட்டா, தூக்கத்துல மூச்சு நின்னுடும். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.”

தட்டில் ஊசி தயாராக இருந்தது. ராஸ் அதைப் பார்த்தான். காலையில் குடித்தது இரண்டு புட்டி. வாயைத் திறந்தால் அந்த அறையிலிருந்தும் துரத்திவிடுவார்கள். திறந்திருந்த ஒரே கதவு அது. வாயைத் திறக்காவிட்டால் நாளைக் காலை பூட்ஸ் இரண்டுமே அவிழ்த்த இடத்தில் கிடக்கும். மூன்று தெரு தள்ளி இருப்பவளுக்கு யாராவது போய்ச் சொல்வார்கள்.

“தாயி, அந்த ஊசியைக் கீழ வை. புத்தகத்துல இருக்கறது பூரா பொய்.”

லிட்டியானா பட்டையை மெதுவாக அவிழ்த்தாள். ஊசியை எடுத்து உள்ளே வைத்துப் பூட்டினாள். நாற்காலியை இழுத்து எதிரே போட்டுக்கொண்டாள்.

“நல்லவேளை சொன்னீங்க. உண்மை எத்தனை?”

“அதான் தெரியலை. என் எண்ணை நான் எழுதினதே கிடையாது. முப்பத்தஞ்சு வருஷமா வேற ஆள்தான் எண்ணும்.”

“துரத்திடுவீங்களா?” என்று ராஸே தொடர்ந்து கேட்டான்.

“எதுக்கு? குடிக்காதவங்களை வச்சு நாங்க என்னத்தை ஆராய்ச்சி பண்றது?” கூடத்தில் கோப்பைகள் ஆடின. “இந்த ஆறு வாரத்தையும் பொய்னு குறிச்சு டாக்டருக்கு அனுப்பிடறேன். அது அவங்களுக்கு உபயோகம்தான். இனிமே எண்ணறதுக்கு யார் இருக்காங்க?”

அன்று சாயங்காலமே ராஸ் வேலையைத் தொடங்கினான். சமையலறை ஜன்னலிலிருந்து தகரச் சறுக்கு ஒன்று; கீழே கம்பிவலை அடித்து, படலோடு ஒரு சின்னப் பட்டி. காலி புட்டியை ஜன்னலில் விட்டால் கடகடவென்று இறங்கிப் பட்டியில் விழும். அந்தச் சத்தத்துக்கு அடுத்த ஊர் நாய்கள் குரைத்தன. பக்கத்து வீட்டு நாய் நிச்சயமாகக் குரைத்தது. பிறகு மூன்று தெரு நடந்து போய், நெரிடாவின் தங்கை வீட்டுப் படியில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான்.

“வீட்டுக்கு வான்னு கேக்க வரலை. வெள்ளிக்கிழமை வந்து பட்டியை எண்ணிட்டுப் போ. அது போதும்.”

நெரிடா அவனை மேலும் கீழும் பார்த்தாள். “நான் எண்ணினா குறைச்சுத்தானே சொல்றேன்னு சண்டைக்கு வருவியே?”

“இந்தத் தடவை நீ குறைச்சுச் சொன்னா எனக்கும் சந்தோஷம்தான்.”

முதல் வெள்ளிக்கிழமை முப்பத்தொரு பெரிய புட்டி, நான்கு மாத்திரை அட்டை. அவள் பின்பக்கத்து வாசல் வழியாக வந்து, எண்ணி, புத்தகத்தில் எழுதி, வந்த வழியே போய்விட்டாள். ராஸ் புத்தகத்தில் மனசு என்ற இடத்துக்கு நேரே ‘இரண்டு’ என்று எழுதினான். அவன் எழுதிய முதல் உண்மை அது. அந்த இரண்டைப் பார்த்துத்தான் மந்தத்துக்கான மருந்தை மாற்றினார்கள், ஊசியின் அளவைத் திருத்தினார்கள், பேச்சை வாரா வாரம் ஆக்கினார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை இருபத்தாறு. பிறகு இருபத்தொன்பது, அந்த வாரம் அவன் அம்மாவின் நினைவு நாள். பதினேழு. ஒன்பது. மாத்திரை அட்டை விழுவது நின்றது. ஒரு நாள் பூட்ஸ் இரண்டையும் போட்டுக்கொண்டு ஆற்றுக்குப் போய் மீன் பிடித்து வந்தான். நான்கு. பிறகொரு வெள்ளிக்கிழமை நெரிடா வந்தபோது பட்டியில் புட்டியே இல்லை. நீலநாக்குப் பல்லி ஒன்று உள்ளே வெயில் காய்ந்துகொண்டு கிடந்தது.

நெரிடா குனிந்து பார்த்தாள். புத்தகத்தில் எழுதினாள். “ஒண்ணு” என்றாள். பிறகு, “தேநீர் போட ஆள் இருக்கா உள்ள, இல்ல நானே போட்டுக்கணுமா?” என்று கேட்டாள். பெட்டி அடுத்த மாதம் வந்து சேர்ந்தது.

லிட்டியானாவுக்கு நன்றி சொல்ல ராஸ் ஓர் ஆட்டுத் தொடையைக் கொண்டு போனான். ஆய்வில் இருப்பவர்களிடம் எதையும் வாங்கக் கூடாதாம், திருப்பிவிட்டாள். அன்றிலிருந்து அவள் வரும்போதெல்லாம் வண்டியின் முகப்பில் ஆரஞ்சுப் பழங்கள் வந்து உட்கார்ந்தன. கேட்டால், காக்கை போட்டிருக்கும் என்றான் ராஸ். பை நிறையக் கொண்டு வந்து வரிசையாக அடுக்கும் காக்கைகள் பர்க்கில் உண்டு என்று லிட்டியானாவும் நம்பிக்கொண்டாள்.

ஆய்வு முடிந்து அச்சில் வந்தபோது, அதில் யார் பெயரும் இல்லை. முந்நூற்றுச் சொச்சம் பேர் என்று மட்டும் இருந்தது. ராஸ் அந்த எண்ணின் மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். முகம் தெரியாத அத்தனை பேரும் உண்மையை எழுதியதால்தான் தனக்கு அளவு தெரிந்தது என்றும், தான் எழுதிய அந்த இரண்டு இனி எவனோ ஒருவனுக்குக் கதவைத் திறக்கும் என்றும் சொன்னான். அந்தத் தாள் இப்போது, கொட்டகைப் போட்டியில் அவன் ஜெயித்த பரிசுக் கோப்பைக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சட்டத்தில் இருக்கிறது.

இவ்வளவும், ராஸ் சொல்லச் சொல்ல, அவர்கள் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து நான் எழுதியது. பல்லி வந்த நாளிலிருந்து இரண்டு வருஷமாக அந்தப் பட்டியில் ஒரு புட்டிகூட விழவில்லை என்று நான் எழுதி முடித்தபோது, உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த நெரிடா எட்டிப் பார்த்து, கத்தி முனையால் அந்த வரியைத் தட்டினாள்.

“ரெண்டு விழுந்துது. ஆகஸ்ட்டுல ஒண்ணு, கிறிஸ்துமஸ் மறுநாள் ஒண்ணு. ரெண்டையும் பட்டப்பகல்ல, சத்தம் கேக்கற மாதிரி அவனேதான் தள்ளிவிட்டான். சரியா எழுது.”