சாய்ப்பு இறக்கிய தெரு

எங்கள் கடைத்தெருவில் அவரை எல்லோரும் ‘கைடு அக்கா’ என்றுதான் கூப்பிடுவோம். அவரைவிட வயதில் மூத்தவர்களுக்கும் அவர் அக்காதான். கைடு ஆவதற்கு முன்னால் தெருக்கோடிச் செருப்புக்கடையில் பல வருஷம் விற்பனைக்கு நின்றவர். வாய் கொஞ்சம் நீளம். “இது வேணாங்க, உங்க காலுக்குக் கடிக்கும்” என்று வாங்க வந்தவரிடமே சொல்லிவிட்டு, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார். அதனாலேயே அவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று தெருவுக்கு ஒரு நம்பிக்கை.

ஊருக்கு மேலே குன்றில் ஒரு பழைய கோட்டை உண்டு. வெளியூர் பஸ்கள் நேராகக் கோட்டை வாசலுக்குப் போய், ஆளை இறக்கி, ஏற்றிக்கொண்டு அப்படியே திரும்பிவிடும். கீழே இருக்கும் எங்களுக்கு அவை கிளப்பிய புழுதிதான் மிச்சம். இதை மாற்ற வர்த்தக சங்கம் ஒரு திட்டம் போட்டது. பஸ்ஸைத் தெரு முனையிலேயே நிறுத்துவது, வந்தவர்களைக் கடைகள் வழியாக நடத்திக்கொண்டு போய்ப் படியேற்றுவது. நடக்கிறவன் நாலு கடையை எட்டிப் பார்க்காமலா போவான்? திட்டத்துக்கு மூளை சங்கத்தின் செயலாளர். அவர் கைடு அக்காவின் கூடப்பிறந்த தம்பி. மின்விசிறி ஏஜென்சி வைத்திருந்தார். செயலாளர் தேர்தலில் அவர் நின்றபோது கடை கடையாக ஏறி இறங்கி ஓட்டுக் கேட்டதே அக்காதான்.

“அக்கா, செருப்பை விடு. நீதான் கூட்டிட்டுப் போகணும். உன்னை மாதிரி பேச இந்த ஊர்ல யார் இருக்கா?” என்றார் தம்பி. சங்கம் ஒரு தொப்பியும் கழுத்தில் மாட்ட ஓர் அட்டையும் கொடுத்தது. தொப்பி பெரிதாக இருந்ததால் உள்ளே கைக்குட்டையை மடித்து வைத்துப் போட்டுக்கொண்டார்.

அக்கா கூட்டத்தை அழைத்துவரும் சத்தம் என் ஜெராக்ஸ் கடைக்குத் தூரத்திலிருந்தே கேட்கும். துணிக்கடை வாசலில் கூட்டத்தை நிறுத்தி, “இவர்கிட்ட பேரம் பேசலாம், ஆனா சிரிச்சுக்கிட்டே பேசணும். முறைச்சீங்கன்னா விலை ஏறும்” என்பார். துணிக்கடைக்காரர் முறைப்பார். கூட்டம் சிரித்துக்கொண்டே உள்ளே நுழையும். இப்படி ஓடிய ஒன்றரை வருஷத்தில் தெருவுக்கே உயிர் வந்தது. பழச்சாறு கடையில் பெஞ்சு போட்டார்கள். நான் கோட்டைப் படத்தை அட்டையில் அச்சடித்து விற்றேன். துணிக்கடைக்காரர் பக்கத்துக் கடையையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்.

அப்புறம்தான் சாய்ப்பு விஷயம் வந்தது. ஒவ்வொரு கடைக்கும் முன்னால் வெயிலுக்கும் மழைக்குமாகத் தகரச் சாய்ப்பு நீட்டியிருக்கும். ஒன்று துருப்பிடித்தது, ஒன்று ஒட்டுப்போட்டது, எதுவும் எதனுடனும் ஒட்டாது. அவற்றையெல்லாம் இறக்கிவிட்டால் தெரு படத்தில் எடுப்பாகத் தெரியும், அரசிடமிருந்து ‘முன்மாதிரி சுற்றுலா ஊர்’ என்ற அங்கீகாரம் கிடைக்கும் என்றது சங்கம். தம்பி வந்து கேட்டபோது தெருவில் ஒருத்தரும் அசையவில்லை. பிறகு அக்கா வந்தார்.

“சாயங்கால வெயில் நேரா உள்ள வரும்மா. துணியெல்லாம் வெளுத்துடும்” என்றார் துணிக்கடைக்காரர்.

“ஆறு மாசத்துல எல்லாருக்கும் ஒரே மாதிரி புதுசா போட்டுத் தர்றாங்களாம். என் தம்பி சொல்லியிருக்கான். நான் பொறுப்பு” என்றார் அக்கா.

அவர் பொறுப்பு என்றதும் மறுபேச்சு இல்லை. முதல் சாய்ப்பைத் துணிக்கடைக்காரரே இறக்கினார். படம் பிடிக்க வந்தவர்கள் தெரு நடுவே ஏணி போட்டு நின்று எடுத்தார்கள். அங்கீகாரமும் கிடைத்தது. சங்கத்தில் இனிப்பு கொடுத்தார்கள்.

சில மாதம் கழித்து, ஒரு திங்கட்கிழமை, அக்கா தொப்பியோடு தெரு முனையில் நின்றார். பஸ் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. விசாரித்தால், குன்றின் பின்பக்கம் புதுச் சாலை போட்டு, அங்கேயே பஸ் நிறுத்தமும் வைத்தாகிவிட்டது. நிறுத்தத்தை ஒட்டி சங்கத் தலைவரின் மகன் முன்பே கட்டத் தொடங்கியிருந்த பெரிய ஹோட்டல், அதற்குள்ளேயே வரிசையாகக் கடைகள். அங்கீகாரத்தைக் காட்டித்தான் அந்தச் சாலைக்கு அனுமதி வாங்கியிருந்தார்கள். ‘பயணிகளின் வசதிக்காக’ என்று சங்கக் கூட்டத்தில் தீர்மானம். வாசித்தவர் செயலாளர்.

அக்கா அப்போதும் தம்பியை விட்டுக்கொடுக்கவில்லை. “தலைவர் அவனை ஏமாத்தியிருப்பார். அவனுக்குச் சூதுவாது தெரியாது” என்று எங்களிடம் சொல்லிவிட்டு, நேராகத் தம்பி வீட்டுக்குப் போனார். தம்பி வெளியே போயிருந்தார். அவர் மனைவி பால்கனியில் துணி மடித்துக்கொண்டிருந்தார். கள்ளம் இல்லாத பெண்.

“அவனை எப்படி ஏமாத்தியிருக்காங்க பாரு” என்று அக்கா ஆரம்பித்திருக்கிறார்.

“நானும் அப்பவே சொன்னேன் அண்ணி. நீங்க சாய்ப்புக்காகக் கடை கடையா அலைஞ்சப்ப. ‘ரோடுதான் அந்தப் பக்கம் போகப்போகுதே, பாவம் அண்ணியை எதுக்கு அலைய விடறீங்க’ன்னு கேட்டேன். ‘அவ சொன்னாத்தான் தெருவுல கேப்பாங்க’ன்னுட்டாரு.”

சொல்லி முடித்த பிறகுதான் அந்தப் பெண்ணுக்கு உறைத்தது. மடித்த சட்டையை மறுபடி பிரித்து, மறுபடி மடித்தாராம். அக்கா தண்ணீர் கூடக் குடிக்காமல் இறங்கிவிட்டார்.

ஏஜென்சியில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே தம்பி உட்கார்ந்திருந்தார். அக்கா நின்றபடியே கேட்டார்.

“சாய்ப்பை இறக்கச் சொன்னப்பவே உனக்குத் தெரியுமா?”

தம்பி முதலில் கதவைச் சாத்தினார். “பேச்சு நடந்துட்டிருந்தது. முடிவாகலை.”

“தெரியுமா, தெரியாதா?”

“நான் மட்டும் வேண்டாம்னா நின்னுடுமா அக்கா? சங்கம்னா பத்துப் பேர் இழுக்கிற பக்கம் போகணும். உனக்கு ஒண்ணும் குறை வராது. புது இடத்துலயும் நீதான் கைடு. அதைத் தலைவர்கிட்ட முதல்லயே பேசி வாங்கிட்டேன்.”

அக்காவுக்கு அந்த வார்த்தைதான் எல்லாவற்றையும்விட வலித்தது. தெரு என்ன நினைக்கும்? அக்காவும் தம்பியும் கூடிப் பேசி நாடகம் ஆடியதாகத்தானே.

“அந்தப் பொறுப்பை என் தலையில ஏத்திட்டு, எனக்கு வேலை வாங்கி வச்சியா?” என்று மட்டும் கேட்டார். தொப்பியை ஒரு பெட்டியின் மேல் வைத்துவிட்டு வந்துவிட்டார்.

அன்று சாயங்காலமே தெருவுக்கு வந்து, கடை கடையாக நின்று, நடந்ததை நடந்தபடி சொன்னார். தம்பியை மூடி மறைக்கவில்லை. பழச்சாறு கடைக்காரர் உட்காரச் சொன்னார். வேறு சிலர் கேட்டுக்கொண்டே வேலையைப் பார்த்தார்கள். துணிக்கடையில் வெயில் பாதிக் கடை வரை படுத்திருந்தது. முன் அடுக்கில் இருந்த நீலத் துணிகளின் மடிப்பு ஓரமெல்லாம் சாம்பலாகியிருந்தது. துணிக்கடைக்காரர் முழுவதையும் கேட்டார். குரலை உயர்த்தவில்லை.

“உன் தம்பி கேட்டப்ப நாங்க கழட்டலைம்மா. நீ கேட்ட, கழட்டினோம்.”

நான் எதிர்க்கடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா அந்தச் சாம்பல் ஓரத்தை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, அடுத்த கடைக்குப் போனார்.

சங்கம் சொன்ன புதுச் சாய்ப்பு வரவே இல்லை. நாங்களே திரும்பப் போட நகராட்சியிடம் கேட்டோம். காலி செய்த இடத்தில் புதிதாக எதையும் நீட்டக் கூடாது என்றார்கள். சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்கு அக்கா போனார். உறுப்பினராக இல்லாததால் கடைசி நாற்காலி. எழுந்து, எல்லாவற்றையும் மைக் இல்லாமல் சொன்னார். தலைவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “குடும்பப் பிரச்சனையை வீட்டுல பேசிக்கலாம்மா” என்றார். மண்டபம் சிரித்தது. மேடையில் தம்பி தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். அக்கா தெருக்காரர்கள் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். நாங்கள் இரண்டு மூன்று பேர் எழுந்து அவரோடு வெளியே வந்தோம். துணிக்கடைக்காரர் உட்கார்ந்தே இருந்தார்.

ஒரு மாதம் கழித்துத் தம்பி அக்கா வீட்டுக்கு வந்தார். கையில் பழப்பை. “அத்தான் இருக்காரா?” என்று வாசலிலிருந்தே கேட்டார்.

அக்கா எட்டிப் பார்த்தார். “வாங்க. உக்காருங்க. அவர் வேலைக்குப் போயிருக்கார்.”

பிறந்ததிலிருந்து வா, போ என்று கூப்பிட்ட வாய். தம்பி செருப்பைக் கழற்றாமல் அப்படியே நின்றார். “என்னக்கா, வாங்க போங்கன்னு?”

“செயலாளர் வந்திருக்கீங்க. மரியாதை தரணும் இல்லையா. டீ குடிக்கிறீங்களா?”

டீ வந்தது. நல்ல கோப்பையில், கீழே தட்டு வைத்து, வெளியாட்களுக்குக் கொடுப்பதுபோல். தம்பி பாதி குடித்தார். ஏதேதோ சொன்னார், அக்கா எல்லாவற்றுக்கும் “சரிங்க” என்றார். பழப்பையை மறக்காமல் எடுத்துப் போகச் சொன்னார்.

அக்கா இப்போது பழைய செருப்புக்கடையிலேயே இருக்கிறார். துணிக்கடைக்காரர் பக்கத்துக் கடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். என்னிடம் கோட்டைப் பட அட்டைகள் ஒரு பெட்டி கிடக்கின்றன. தம்பி இந்த வருஷம் போட்டியே இல்லாமல் மறுபடியும் செயலாளரானார். அவர் வீட்டுக்குப் போகும் வழி செருப்புக்கடையைத் தாண்டித்தான். அங்கே வரும்போது ஸ்கூட்டரை மெதுவாக்குவார். அக்கா யாருடைய காலுக்கோ அளவு பார்த்துக் குனிந்திருப்பார்.