வேனுக்குள் மூன்று இலை

நியூசிலாந்தில் இருக்கும் என் பேரன் கைப்பேசியில் ஒரு படம் அனுப்பியிருந்தான். வேனிலேயே படுத்து, வேனிலேயே சமைத்து, ஆள் போகாத பனிமலையாகத் தேடிப் போய், காலில் இரண்டு பலகையைக் கட்டிக்கொண்டு உச்சியிலிருந்து சர்ரென்று இறங்குகிறான். இரண்டு மாதமாக இதுதான் பிழைப்பாம். என் மகள் அதை என் மூக்குக்கு நேரே நீட்டி, "பாத்தீங்களாப்பா? நம்ம வம்சத்துல இந்தத் தைரியம் யாருக்கு இருந்துச்சு?" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம்! காப்பியைக்கூடத் தொடாமல் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டேன். பனி ஒன்றுதான் இல்லை. மற்றதெல்லாம் நானும் கோபாலும் எழுபது வருஷத்துக்கு முன்பே செய்து முடித்தவை.

கோபால், மலாக்காவில் காஜா பெராங் செட்டிக் கம்பத்துக்காரன், பல தலைமுறைக்கு முன்பே கப்பலேறி வந்து மலாய் பேசிப் பழகிய தமிழர்களின் கிராமம் அது. நெற்றியில் திருநீறு, வாயைத் திறந்தால் மலாய். தமிழில் பத்து வார்த்தை தெரியும், அதில் பாதி பலகாரத்தின் பெயர். மெக்கானிக். எங்கிருந்தோ ஒரு ஓட்டை ரொட்டி வேனைப் பிடித்து வந்து உயிர் கொடுத்திருந்தான். எத்தனை தடவை கழுவினாலும் அதற்குள்ளிருந்த புளித்த மாவு வாடை போகவில்லை. இன்றைக்கும் ரொட்டிக் கடையைத் தாண்டினால் எனக்குப் பசிக்காது, வயிறு எரியும்.

காய்ந்த லாலான் புல் மூடிய மேட்டில் பாக்குமட்டையைப் போட்டு உட்கார்ந்து சறுக்காத பிள்ளை அந்தக் காலத்தில் உண்டா? கோபாலுக்கு அது போதவில்லை. தேயிலைப் பெட்டிப் பலகையை ஊறவைத்து வளைத்து, அடியில் மெழுகுவத்தி தேய்த்து, சைக்கிள் டியூபால் காலோடு கட்டிக்கொண்டு நின்றபடியே இறங்கினான். நானும் இறங்கினேன், பெரும்பாலும் உட்காரும் இடத்தால்.

சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த ஜனவரி அது. ஜாலான் பெண்டஹாராவில் நான் வேலை பார்த்த ஜவுளிக்கடையில், பொங்கல் வியாபாரத்தின் நடுவே பத்து நாள் லீவு கேட்டேன். முதலாளி மொத்தமாகவே லீவு கொடுத்து அனுப்பிவிட்டார். நல்லதாய்ப் போயிற்று என்று வேனில் ஏறினேன். மேடு மேடாகத் தேடிக்கொண்டு நெகிரி செம்பிலான் பக்கம் போனோம்.

காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள் ஒளிந்திருந்த அவசரகாலம் இன்னும் முடியவில்லை. அவர்களுக்குச் சாப்பாடு போய்விடக்கூடாது என்று, காட்டோரத்தில் ஒரு பிடி அரிசி கொண்டுபோனாலும் உள்ளே தூக்கிப் போட்டார்கள். எங்கள் மலாக்காப் பக்கம் இந்தக் கெடுபிடி முன்பே தளர்ந்துவிட்டிருந்ததால் எனக்குக் குளிர்விட்டுப் போயிருந்தது. தலையணை உறைக்குள் கொஞ்சம் அரிசியை ஒளித்துக்கொண்டு வந்தேன். கோபாலிடம் சொல்லவில்லை. நாள்கணக்கில் ரொட்டி தின்று உயிர்வாழ எனக்குத் தெரியாது.

போகிக்குள் வீடு திரும்புவதாகத்தான் பேச்சு. செட்டிக் குடும்பங்களில் போகியன்று 'பர்ச்சு' வைப்பார்கள். இறந்தவர்களுக்கு இலை போட்டுப் படைத்துவிட்டு எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவார்கள், அவர்கள் நிம்மதியாக வந்து சாப்பிட்டுப் போகட்டும் என்று. பிறகு கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். கோபாலின் அப்பா காலமான பிறகு வந்த முதல் போகி அது.

ஆனால் பாஹாவ் ஊரைத் தாண்டி ஒரு சரிவு. தலைவாரி விட்டதுபோல் புல். "இன்னும் ஒரே நாள்" என்று பிடிவாதம் பிடித்தவன் நான்தான். போகியும் வந்துவிட்டது. "பர்ச்சுவை வேனிலேயே வையேன்" என்றேன். அவன் முகம் சுருங்கியது. "நாசி தாக் அடா" என்றான், சோறு இல்லையே என்று. நான் பெரிய மந்திரவாதி மாதிரி தலையணை உறையைப் பிரித்தேன்.

அவன் என்னை முறைத்தான், திட்டினான், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்பை மூட்டினான். அப்பாவுக்கு, தாத்தாவுக்கு, பெரியப்பாவுக்கு என்று மூன்று இலை. சோறும் கருவாட்டுச் சம்பலும். வேன் கதவைச் சாத்திவிட்டு இருவரும் வெயிலில் நின்றோம்.

அப்போதுதான் ரோந்துக்காரர்கள் வந்தார்கள். ஒரு வெள்ளைக்கார அதிகாரி, ஒரு தமிழ் சார்ஜன், பின்னால் நாலைந்து பேர். வெள்ளைக்காரன் கதவைத் திறந்தான். மூன்று இலையில் ஆவி பறக்கும் சோறு, சாப்பிட ஆள் இல்லை, இருபது அடியில் காடு. யாருக்கு என்று மலாயில் கேட்டான். அப்பாவுக்கு என்றான் கோபால். அப்பா எங்கே? "சுடா மாத்தி." செத்துவிட்டார்.

வெள்ளைக்காரன் சிரித்தான். சிரித்துக்கொண்டே பூட்ஸ் காலால் இலைகளைக் கீழே தள்ளினான். ஒருவன் செத்துப்போன தகப்பனுக்குப் போட்ட சோற்றை! இத்தனை வருஷம் கழித்தும் அந்தத் தடியனின் காலை உடைக்கவேண்டும் என்று கை துடிக்கிறது. அன்றைக்குத் துடிக்கவில்லை. அன்றைக்கு அந்தக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

சார்ஜன் என்னை நாலடி தள்ளிக்கொண்டு போய்த் தமிழில் கேட்டார். "பயப்படாத தம்பி. அரிசிய யாரு கொண்டாந்தது? உண்மையச் சொல்லு, என்ன ஏதுன்னு நான் தொரைகிட்ட எடுத்துச் சொல்றேன்."

"தெரியாதுங்க சார்" என்றேன்.

கோபாலுக்குத் தெரிந்த பத்து வார்த்தையில் 'தெரியாது' ஒன்று. என்னையே பார்த்தான். பிறகு அதிகாரியிடம் திரும்பி, "சாயா புன்யா" என்றான். என்னுடையது.

அவனை ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் பஸ் பிடித்து வீடு வந்து சேர்ந்தேன். அவன் வெளியே வந்தபோது நாட்டின் கொடியே மாறியிருந்தது. வந்தவன் என்னை அடித்திருக்கலாம், காறித் துப்பியிருக்கலாம். தெருவில் பார்த்து "சுடா மாக்கான்?" என்றான், சாப்பிட்டாயா என்று. அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம், பார்க்கும்போதெல்லாம் அதே கேள்விதான். அந்த அரிசியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். அவன்மேல்கூட எனக்கு அந்தக் கோபம் உண்டு.

போலீஸ் வளாகத்திலேயே வேன் துருப்பிடித்து மண்ணாய்ப் போனது. அந்தச் சரிவு முழுக்க இப்போது செம்பனை. கோபாலும் போய்விட்டான். அவன் பிள்ளைகள் போகிதோறும் அவனுக்கும் இலை போட்டார்கள். நானும் போய், சாத்திய கதவுக்கு வெளியே அவர்களோடு நிற்பேன். உள்ளே அவன் சாப்பிட்டுக்கொண்டிருப்பான், இப்போதாவது சொல்லிவிடலாம் என்று வாய்வரை வரும். பக்கத்தில் பிள்ளைகள் நிற்கிறார்களே என்று விழுங்கிவிடுவேன். அவர்களும் கோலாலம்பூருக்குப் போய்விட்டார்கள். இந்தப் போகிக்குப் போனால் வீடு பூட்டிக் கிடக்கிறது. தட்டிப் பார்த்தேன். உள்ளே இலையும் இல்லை, கேட்க அவனும் இல்லை.

வாசலிலிருந்து உள்ளே போய் ஆறிப்போன காப்பியைக் குடித்தேன். மகள் இன்னும் அந்தப் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ சொன்னது சரிதாம்மா," என்றேன். "நம்ம வம்சத்துல யாருக்கும் இருந்ததில்ல."