தம்பி வீட்டு வாசலில் கோவிந்தா

‘புரட்டாசி மூன்றாம் சனி. காலையில் தூறல். ஐந்து வீடு. கடைசி வீட்டில் இரண்டு கை.’ அந்த நாளுக்கு என் டயரியில் இவ்வளவுதான் இருக்கிறது.

மனைவி இறந்து வருஷம் திரும்பியபின் வந்த முதல் புரட்டாசி அது. துக்க வருஷத்தில் விட்டுப்போன தளிகையை மறுபடி போட வேண்டும். நாமம் இட்டு, சொம்பில் துளசி கட்டி, தெருவில் அரிசி பிச்சை எடுத்து அதைப் பொங்கிப் பெருமாளுக்குப் படைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். கூட வர ஆள் இல்லை. தனியாகக் கிளம்பினேன்.

முதல் வீட்டுப் பெண் சிரித்தாள். “இன்னா பெரிப்பா, பென்ஷன் பத்தலியா? சொம்ப தூக்கினு கெளம்பிட்ட?”

“மலைமேல இருக்கிறவருக்கே பத்தல. எனக்கு எங்க பத்தும்?” என்றேன்.

வரிசையில் ஒரு வீட்டைத் தாண்டிப் போகக்கூடாது என்பார்கள். ஐந்தாவது என் தம்பி வீடு. மனைவியின் காரியத்துக்கு வந்துபோனதோடு சரி, அவர்கள் யாரும் என்னிடம் பேசுவதில்லை. தம்பி பெண்ணின் கல்யாணத்துக்குப் பத்திரிகையும் வரவில்லை. சண்டை நடந்திருந்தால் தேதியாவது எழுதி வைத்திருப்பேன். சண்டையே நடக்கவில்லை. என்னை வேண்டாம் என்று எந்த நாளில் முடிவு செய்தார்கள் என்பது எனக்குத் தெரியாது.

வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். திரும்பிவிடலாம் என்றுகூட நினைத்தேன். பிறகு “கோவிந்தா” என்றேன்.

தம்பி மனைவி முறத்தில் அரிசியோடு தலைகுனிந்தபடி வந்தாள். சொம்பில் ஒரு கை போட்டாள், காலில் விழுந்தாள். எழுந்தபோதுதான் முகத்தைப் பார்த்தாள். இன்னொரு கை அள்ளிப் போட்டாள்.

உள்ளேயிருந்து ஓர் ஆண் குரல், “யாரு வந்துகிறது?”

“சாமி,” என்றாள். கதவை ஒருக்களித்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவள் விழுந்தது நாமத்துக்கு, எனக்கு அல்ல. அது தெரிந்தே வீடு வந்து, அந்த அரிசியைப் பொங்கி, இலை போட்டுப் படைத்தேன். கடவுளின் அன்பைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன், எதுவும் ஒட்டியதில்லை. அன்று இலைக்கு முன்னால் உட்கார்ந்து நெடுநேரம் அழுதேன். என் பெயருக்குத் திறக்காத வாசலுக்கு அவர் தன் பெயரைக் கொடுத்து என்னை அனுப்பியிருக்கிறார். என்னோடு அவரும் அங்கே தூறலில் நின்றிருக்கிறார். அந்த நினைப்பில் பசி எடுத்தது. சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகும் அந்த வீட்டிலிருந்து அழைப்பு வரவில்லை. உள்ளே கேட்டது தம்பியின் குரல் என்றே நினைக்கிறேன். அன்று அவன் ஊரில் இருந்தானா என்பதை இதுவரை சரிபார்க்க முடியவில்லை.