செகண்ட்ஸ் அங்கி

காதர்பேட்டையில் பேரனுக்குப் பனியன் வாங்கும்போது, கடைக்காரர் பிரித்துக் காட்டிய புதுத் துணியில் வெளுப்பு மருந்தும் மிஷின் எண்ணெயும் கலந்து வந்த வாசனை, என்னை எங்கள் ஞாயிறு பள்ளிக்குக் கொண்டுபோனது. பள்ளி என்றாலும் அது ஒரு பனியன் கம்பெனியின் தகரக் கொட்டகைதான்; ஆறு நாளும் கடகடத்த மிஷின்கள் அன்று துணி போர்த்திக்கொண்டு உறங்க, நாங்கள் கட்டிங் மேசையைச் சுற்றி வேஸ்ட் துணி மூட்டைகள் மேல் உட்கார்ந்து, பறக்கும் பஞ்சுக்குத் தும்மியபடியே பைபிள் வசனம் படிப்போம். இன்று அங்கே கார் நிறுத்துகிறார்கள்.

தூத்துக்குடியிலிருந்து வந்து அங்கே தைத்துக்கொண்டிருந்த எஸ்தர் அக்காதான் டீச்சர். இரண்டு அங்கி உள்ளவன் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்று விளக்கிவிட்டு, "ஏல, ரெண்டுல எதக் குடுப்ப?" என்று என்னைக் கேட்டார். "செகண்ட்ஸத்தானுங்கக்கா!" என்றேன். ஓட்டை விழுந்து கழித்த பனியனுக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். கொட்டகையே சிரித்தது.

நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அந்தக் கிறிஸ்துமஸுக்கு என்னிடமிருந்த இரண்டு பனியனில், அக்குளில் ஓட்டையிருந்ததைத்தான் தேடி எடுத்து, கூடப் படித்த, மாற்றுத் துணியில்லாத செல்வத்துக்குக் கொடுத்தேன். கொட்டகையில் கிறிஸ்துமஸ் பாட்டுக்கு அவன் கை தூக்கியதும் ஓட்டை தெரிந்தது. எல்லோரும் சிரிக்க, "காத்து வர்றதுக்கு உட்டதுடா" என்று அவனும் சிரித்தான்.

"யாருல இதக் குடுத்தது?" என்றார் அக்கா.

நான் பயந்துபோய் மூட்டைக்குப் பின்னால் குனிந்துகொண்டேன். செல்வம் என் பக்கம் திரும்பவே இல்லை. "எங்கூட்டுதுதானுங்கக்கா" என்றான்.

எத்தனையோ வேத விளக்கங்கள் படித்துவிட்டேன். அந்தப் பொய்யை எதில் சேர்ப்பதென்று இன்னும் தெரியவில்லை.