தோட்டத்துக்காரரின் கட்டம்

சௌந்தர்யாவின் விரல்கள், கணினித் திரையில் ஒரு பட்டனின் நிரலுக்குள் எழுதியிருந்த பச்சை நிறத்தை அழித்துக்கொண்டிருந்தன. நிறம் போயிற்று, எழுத்தின் அளவு போயிற்று, ‘சேமி’ என்ற சொல்லும் போயிற்று. இனி அந்தப் பட்டனுக்கென்று சொந்தமாக ஒன்றுமில்லை. வெளியிலிருந்து எதைக் கொடுத்தாலும் உடுத்திக்கொள்ளும். அழுத்தினால் வேலையைச் செய்யும்.

சௌந்தர்யாவுக்கு இதை யாரும் கற்றுத்தரவில்லை. திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ஒரு ரிக் வண்டி ஆபீசில் பில் அடித்துக்கொண்டிருந்தவள், வீடியோ பார்த்தும் பிறர் எழுதிய நிரல்களைப் பிரித்துப் பார்த்தும் படித்தாள். இப்போது கதிர்வேலின் சிறிய கம்பெனியில், போர் போடும் வண்டி முதலாளிகளுக்குக் கணக்கும் பில்லும் போடும் வலைத்தளம் செய்கிறாள். ஒவ்வொருவருக்கும் தன் வண்டியின் நிறம் வேண்டும், குலசாமி படம் மேலே வேண்டும். முன்பு ஆளுக்கொரு நகல் எடுத்து மாற்றிக் கொடுத்தார்கள். ஒன்றில் பிழை கண்டால் அத்தனையையும் திருத்த வேண்டும். அவள்தான் எல்லாவற்றையும் தனித்தனித் துண்டுகளாகப் பிரித்தாள். ஒன்றை எடுத்தால் இன்னொன்று முடங்கக்கூடாது என்பதில் கறாராக இருந்தாள்.

திரையில் ஒரு கட்டம் மட்டும் யாரும் கேட்காமல் அவளே சேர்த்தது. போர் போடுகிற நாளில் தோட்டத்து வீட்டார் வண்டி ஆட்களுக்குச் சோறாக்கிப் போடுவது அந்தப் பக்கத்து வழக்கம். வீடே அடுப்படியில் நிற்கும்போது, துளை போடும் இரும்பு ராடு எத்தனை மண்ணுக்குள் இறங்கியது என்று பார்க்க ஆளிருக்காது. கூலி அடிக்கணக்கில் என்பதால், இறங்காத ராடுகளும் பில்லில் ஏறுவதைப் பழைய ஆபீசில் பார்த்திருக்கிறாள். அதனால் ஒவ்வொரு ராடு இறங்கும்போதும் தோட்டத்துக்காரரின் செல்போனில் அந்தக் கட்டம் வரும். அவர் பார்த்துச் ‘சரி’ அழுத்தினால்தான் கணக்கில் சேரும்.

புதிதாக வலைத்தளம் வாங்க வந்த வண்டி முதலாளி குருமூர்த்தியின் கண் நேரே அதில்தான் விழுந்தது.

“ஏனுங்க அம்மிணி, எல்லாத்தையும் மாத்திக்கலாம்னீங்க. இதை எடுக்க மட்டும் வழியக் காணமே?”

“அது இருக்கட்டுமுங்க. தோட்டத்துக்காரங்களுக்கு ஒரு நம்பிக்கைங்க.”

“நம்பிக்கை என்ர மூஞ்சியப் பாத்தாலே வருமுங்க. ஆளுகளுக்குச் சோறு போடற கையில போன அமுக்கச் சொல்றீங்களே, பாவமில்லீங்களா?” அவரே சிரித்துக்கொண்டு எழுந்து போனார்.

கதிர்வேல் கதவைச் சாத்தினார். “அவரு வாங்குனா ஊரே வாங்கும். எடுத்து வுடு.”

“எடுத்துட்டா அடிக்கணக்குல பொய் எழுதலாமுங்கண்ணா.”

“எழுதட்டும். உங்கூட்டுப் போரா? எதையும் கழட்டலாம், மாட்டலாம்னு நீதான சொல்லுவ? நீ பண்ணலீன்னா ஜீவா பண்ணுவான். ஒரு வரிதான?”

ஒரு வரிதான். அவள் அப்படித்தான் கட்டியிருந்தாள்.

மதியம் ஒன்று செய்து பார்த்தாள். கட்டம் இல்லாமல் பில்லே வராதபடி இரண்டையும் பிணைத்தாள். பிறகு கட்டத்தை எடுத்தாள். தேதி காணாமல் போயிற்று, மொத்த அடி வெறுமையாயிற்று, திரை பாதியில் நின்றது. பிறர் செய்த எந்த மாதிரி வேலையைப் பார்த்து இத்தனை நாள் முகம் சுளித்தாளோ, அதே வேலை. பக்கத்து மேசை ஜீவா பார்த்தால் டீ குடித்து முடிப்பதற்குள் பிரித்துவிடுவான்; சிரிக்கவும் செய்வான். பிணைத்ததை அவிழ்த்தாள். அந்த ஒரு வரியை அவளே எழுதினாள்: காட்டு, மறை. யாரும் தொடாவிட்டால் காட்டும்படி வைத்தாள். அதற்கு மேல் அவளுக்கு இடமில்லை.

மறுநாள் குருமூர்த்தியின் ஆபீசில் மடிக்கணினியைத் திறந்து அவர் பக்கம் திருப்பி வைத்தாள். அவர் காவி நிறம் கொடுத்தார், குலசாமியை மேலே ஏற்றினார். பிறகு ‘மறை’யைத் தட்டினார். கட்டம் போயிற்று. கீழே இருந்தவை மேலேறி, இடைவெளி தெரியாமல் பொருந்தி நின்றன.

“அருமைங்க அம்மிணி! அங்க ஒண்ணு இருந்த தடமே தெரியல.”

அவள் வலைத்தளத்தின் கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி அவரிடம் நீட்டினாள்.